உழவர்கரை விருந்து

புதுச்சேரியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் மை கலைந்திருக்கிறது. ஏன் கலைந்தது என்று கேட்க வேண்டியதில்லை. போன வருஷம் ஒரே பையனைப் பறிகொடுத்தவர். "பூசைக்குப் போனால் பக்கத்தில் உட்காரும் அம்மாள், 'முறுமுறுக்காதே, எல்லாவற்றுக்கும் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லு' என்கிறாள். எதற்குச் சொல்வது?" என்று கேட்கிறார்.

எனக்கும் உடனே பதில் தோன்றவில்லை. காப்பியில் சர்க்கரை குறைவு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்கிற முறுமுறுப்பானால் விட்டுவிடலாம். (நான் விட்டேனா என்று என் வீட்டில் விசாரிக்க வேண்டாம்.) மோசேயோடு பாலைவனத்தில் நடந்த ஜனங்களின் முறுமுறுப்பும் பாதி அடுப்பங்கரை சமாசாரந்தான். எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் இல்லையே என்று அழுதார்களாம்! விடிந்தால் மன்னா கிடைத்தது. நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தால் புழுத்துப் போயிற்று. ஓய்வு நாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டைப் பங்கு. அன்றன்றைக்குக் கையேந்தி நிற்கப் பழக்கினார் கடவுள். ஒன்றாம் தேதியே மாதச் சாமானை டப்பாக்களில் நிரப்பி வைக்கும் நமக்கு அது எத்தனை சிரமமான பாடம்!

ஆனால் சகோதரியின் விஷயம் வெங்காயம் அல்ல. ஆகையால் அவருடைய ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

கனகராய முதலியார் கிறிஸ்தவர். பிரெஞ்சுக் கும்பெனிக்குத் தலைமைத் துபாஷி. பணம், பல்லக்கு, துரைமார் தயவு, எல்லாம் உண்டு. பிள்ளை ஒன்றே ஒன்று, பெயர் வேலவேந்திரன். 1739-ல், வாலிபப் பருவத்தில், அந்தப் பிள்ளை இறந்து போனான். அவன் நினைவாக முதலியார் உழவர்கரையில் புனித அந்திரேயாவுக்கு ஒரு கோயில் கட்டினார். விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையத்தில் இருப்பது அதுதான். 1745-ல் கோயில் முடிந்ததும் ஊரையே அழைத்து விருந்து போட்டார். பிராமணர், வேளாளர், செட்டிமார், நெசவாளர், வெள்ளைக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி அவரவருக்குத் தனித்தனிச் சமையல்.

இதை நமக்கு எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருக்கும் முதலியாருக்கும் ஆகாது. கிறிஸ்தவக் கோயில் காரியத்துக்குத் தமிழர் கலியாணம் போல எல்லாச் சாதியாரையும் அழைத்து விருந்து வைத்தது அவருடைய வேதத்துக்குப் பொருந்தவில்லை என்று டைரியில் குறைப்பட்டுக் கொள்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் சோறு போடுகிறார். சாப்பிடப் போனவர் குறை சொல்கிறார். உலகம் அன்றும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

சகோதரி கவனிக்க வேண்டியது அந்த வருஷக் கணக்கை. 1739-க்கும் 1745-க்கும் நடுவில் ஆறு வருஷம். கல்லறைக்குப் போன மறுநாளே முதலியார் பந்தல் போடவில்லை. உங்களுக்கு ஒரு வருஷந்தான் ஆகிறது. பக்கத்து அம்மாளுக்கு ஏன் இந்த அவசரம்?

யோபு தம் பிறந்த நாளையே சபித்தவர். கடவுளோடு நேருக்கு நேர் வழக்காடியவர். கடவுள் அவரைக் கண்டித்தது உண்மை. ஆனால் கோபம் மூண்டது, அவருக்கு உபதேசம் பண்ண வந்த சிநேகிதர்கள் மேல்தான். அந்த அம்மாளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சண்டை போடுவதென்றாலும் சர்வேசுரனோடேயே போடுங்கள். அவரை விட்டால் வேறு யாரிடம் போவது என்று அழுகிறவள், அவரை நம்பித்தானே அழுகிறாள்? பையன் போனதற்குத் தோத்திரம் சொல்ல வேண்டாம். ஒன்பது வருஷம் அவன் உங்கள் மடியில் இருந்தானே, அதற்கு என்றைக்காவது சொல்ல வரும்.

கனகராய முதலியார் அந்த விருந்துக்குப் பிறகு நெடுநாள் இருக்கவில்லை. 1746 பிப்ரவரியில் காலமானார்.

பையனுடைய பிறந்த நாள் அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனோடு படித்த பிள்ளைகளில் நாலு பேரை அழைத்து இலை போடலாமா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷம். பால் பாயசம் அவனுக்குப் பிடிக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.