ஸ்கூபா ரெகுலேட்டரை நாமே கழற்றி மாட்டலாமா? எதுவரை கை வைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

கருக்களாச்சேரி போன்ற ஒரு மீனவ கிராமத்தில் ஃபைபர் படகின் இன்ஜின் மக்கர் செய்தால், கம்பெனி மெக்கானிக் வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்பரேட்டரை ஊதி, கரையிலேயே சரிசெய்துவிடுவார்கள். தப்பாகிவிட்டால்? இன்ஜின் கடலில் நின்றுபோகும். ஆனால் படகு மிதக்கும். பக்கத்துப் படகு கயிறு கட்டி இழுத்து வந்துவிடும்.

அதே கை ஸ்கூபா ரெகுலேட்டரைத் தொடும்போது கணக்கு மாறிவிடுகிறது. 15 மீட்டர் ஆழத்தில் மூச்சு நின்றால் இழுத்து வர அவகாசம் கிடையாது.

புதுச்சேரியிலும் சென்னையிலும் இன்று ஸ்கூபா பயிற்சி கிடைக்கிறது. வார இறுதியில் சான்றிதழ் வாங்கும் ஐ.டி. இளைஞர்கள் அடுத்து தேடுவது செகண்ட் ஹேண்ட் ரெகுலேட்டர். வாங்கியதும் வரும் கேள்வி: "வீடியோ பார்த்து நாமே சர்வீஸ் பண்ணிக்கலாமே?"

ரெகுலேட்டர் என்ன செய்கிறது?

முதலில் ஒரு தவறான நினைப்பைத் திருத்திக்கொள்வோம். முதுகில் இருப்பது 'ஆக்சிஜன் சிலிண்டர்' இல்லை. பெரும்பாலும் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், ஆனால் சுமார் 200 பார் அழுத்தத்தில். கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 100 மடங்கு.

இந்த அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. சிலிண்டரில் மாட்டும் முதல் பகுதி, அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் கொண்டுவரும். வாயில் கடிக்கும் இரண்டாவது பகுதியில் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும். மூச்சை இழுத்ததும் சவ்வு உள்ளே குழிந்து, ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து காற்று வரும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் 1 பார் கூடும். அதற்கு ஈடாகக் காற்றின் அழுத்தமும் தானாகக் கூடும்.

சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தக் கருவியே ஒரு 'மாற்றியமைப்பில்' பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பிரான்சில் கார்களை எரிவாயுவில் ஓட்ட ஒரு வால்வை உருவாக்கினார் பொறியாளர் எமில் கான்யான். அதையே நீருக்கடியில் மூச்சுவிட மாற்றியமைத்து, 1943-இல் அவரும் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் சோதித்துப் பார்த்தார்கள். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. ஆக, கைவேலை ஒன்றும் குற்றமில்லை. சோதிக்காத கைவேலைதான் ஆபத்து.

நாமே செய்யக்கூடியவை

• ஒவ்வொரு முறை கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுவது. முதல் பகுதியின் மூடியை உலர்த்தி இறுக மூடிய பிறகே நனைக்க வேண்டும். அப்போது வாய்ப்பகுதியின் பட்டனை அழுத்தக் கூடாது. அழுத்தினால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

• குழாய்களை, குறிப்பாக உலோக முனைக்கு அருகில், வளைத்துப் பார்ப்பது. வெடிப்போ உப்பலோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

• கடிக்கும் ரப்பர் கிழிந்திருந்தால் புதிது மாட்டி, பிளாஸ்டிக் டையால் இறுக்குவது.

• சிலிண்டரில் மாட்டும் முன், முதல் பகுதியின் மூடி இறுக மூடியிருக்கும்போதே வாய்ப்பகுதியில் மூச்சை இழுத்துப் பார்ப்பது. காற்று வந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

உயிர் காக்கும் பராமரிப்பில் பெரும்பகுதி இவ்வளவுதான். உப்பு உள்ளே படிந்து இறுகாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை வராது.

எங்கே நிறுத்த வேண்டும்?

உள்ளே திறக்கும் இடத்தில். பித்தளைப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஓ-ரிங்கை ஊசியால் நெம்பி எடுக்கும்போது விழும் கீறல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த வழியாகக் காற்று கசியும். பைக்குக்குப் போடும் கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். ஆக்சிஜன் கூடுதலாக உள்ள கலவையில் அதுவே தீப்பிடிக்கவும் காரணமாகலாம். நெம்புகோல் சற்று உயர்ந்தால் காற்று நிற்காமல் கொட்டும், சற்று தாழ்ந்தால் மூச்சை இழுக்கவே கஷ்டம். இடைநிலை அழுத்தத்தை அளக்கும் மீட்டர் இல்லாமல், 'காதுக்கு நன்றாகக் கேட்கிறது' என்று மட்டும் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது.

காற்று கொட்டத் தொடங்கினால் சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. பயத்தில் மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்வது அதைவிட மோசம். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழியலாம்.

வெளிநாடுகளில் சொந்தமாக சர்வீஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள். உதிரிபாகங்களை அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்குகளுக்கு மட்டுமே தருவது நியாயமா என்ற அவர்களின் கேள்வியிலும் அர்த்தம் உண்டு. ஆனால் அவர்களிடம் மீட்டர், சரியான ஓ-ரிங், அந்த மாடலின் கையேடு எல்லாம் இருக்கும். முதல் சோதனையை ஆழம் குறைந்த நீரில், துணையோடு செய்வார்கள். இவை இல்லாமல் துணிச்சலை மட்டும் காப்பியடிப்பதில் பயனில்லை.

பொழுதுபோக்கு மட்டுமல்ல, பிழைப்பும்தான்

தூத்துக்குடியில் ஒரு காலத்தில் மூச்சடக்கியே சங்கு குளித்தார்கள். பிறகு படகில் கம்ப்ரசரை வைத்து, நீண்ட குழாய் வழியே காற்று அனுப்பும் முறை வந்தது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் மூச்சுக்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் எண்ணெய் ஆவி காற்றோடு கலக்கும். பக்கத்தில் ஓடும் இன்ஜினின் புகையை இழுத்துவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு நேராக நுரையீரலுக்குப் போகும். காற்று தீராது என்பதால் அதிக நேரம் கீழே இருந்துவிட்டு வேகமாக மேலே வருவதால் உடலில் நைட்ரஜன் குமிழிகள் உருவாகி, கை கால் முடங்குவதும் நடக்கும்.

ஹோண்டுராஸ் நாட்டில் சிங்கி இறாலுக்காக மூழ்கிய மிஸ்கிட்டோ இன மீனவர்கள் பலர் இப்படித்தான் முடங்கினார்கள், இறந்தார்கள். போதிய பயிற்சி இல்லை, தரமான கருவி இல்லை. அந்த வழக்கில் அரசு தன் பொறுப்பை ஏற்றுக்கொண்டதை அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021-இல் பதிவு செய்தது.

என்ன செய்யலாம்?

'கை வைக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சர்வீஸ் செய்ய ஆள் பக்கத்தில் இல்லை என்றால், மக்கள் கை வைக்கத்தான் செய்வார்கள். இன்ஜின் பிரித்துப் பழகிய கைகள் கடலோரத்தில் நிறைய இருக்கின்றன. அவர்களில் சிலருக்கு ரெகுலேட்டர் சர்வீஸையும், மூச்சுக்காற்றின் தரத்தைச் சோதிப்பதையும் முறையாகச் சொல்லிக்கொடுப்பது மீன்வளத் துறைக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பெரிய செலவில்லை. காரைக்காலில் ஒரு மீட்டரும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால், ரெகுலேட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை.

அதுவரை வாங்கியவருக்கு ஒரே விதிதான்: வெளியே கழுவுங்கள், சோதியுங்கள். உள்ளே திறக்க வேண்டியதை, அளந்து பார்த்து மூடத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.