முதலில் மதர்போர்டு, பிறகு மற்றவை

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் உதிரி பாகங்களை வாங்கிச் சேர்த்தால் சர்வர் மலிவாக முடியும் என்று சிறிய கம்பெனி முதலாளிகள் பலர் கருதுகிறார்கள். கருத்து தவறல்ல. ஆனால் வாங்கி வரும் பொறுப்பு பெரும்பாலும் கணக்கு எழுதும் குமாஸ்தாவின் தலையில் விழுகிறது. பாகங்கள் பொருந்தாமல் போனால் பழியும் அவருக்குத்தான்.

இதில் நடக்கும் பெரிய தவறு, விலை உயர்ந்த ப்ராசசரை முதலில் வாங்கிவிட்டு, மிஞ்சிய பணத்துக்கு ஒரு மதர்போர்டு தேடுவது. இது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போன்றது. பில் போடுவது, சம்பளப் பட்டியல், பத்துப் பேர் கோப்புகளைப் பகிர்வது போன்ற பொது வேலைகளுக்கு நடுத்தர ப்ராசசரே போதும். இரவு பகலாக ஓடும் இயந்திரத்தைத் தாங்கி நிற்பது மதர்போர்டுதான்.

முதலில் பார்க்கவேண்டியது, ப்ராசசர் உட்காரும் சாக்கெட். ஏ.எம்.டி.யின் ஏஎம்4 2016-இலும், ஏஎம்5 2022-இலும் வந்தவை. ஒன்றின் ப்ராசசர் மற்றதில் உட்காராது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு உரியது. சாக்கெட் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. 2018-இல் வந்த பி450 போர்டில் 2020-இல் வந்த ரைசன் 5000 வரிசையைப் பொருத்தினால், பயாஸைப் புதுப்பிக்காதவரை இயந்திரம் எழுந்திருக்காது. அந்த வேலையைக் கடையிலேயே முடித்துத் தரச் சொல்வது நல்லது.

அடுத்தது ரேம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டின் வெட்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. எல்ஜிஏ1700 போர்டுகள் இரு வகையிலும் கிடைப்பதால் பெட்டியைப் படித்துப் பார்ப்பது அவசியம். பிழை திருத்தும் ஈ.சி.சி. ரேம் வேண்டுமென்றால், இந்த இன்டெல் வரிசையில் டபிள்யூ680 சிப்செட் போர்டுதான் தேடவேண்டும். பெரிய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கும் ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண போர்டில் வேலை செய்யாது.

டிஸ்க் இணைப்புகளை எண்ணுவதிலும் கவனம் தேவை. சில போர்டுகளில் எம்.2 துளையில் ஒன்றைச் செருகினால் சாட்டா இணைப்பு ஒன்றிரண்டு செயலிழந்துவிடும். கணக்கை இரு டிஸ்குகளில் பிரதி வைக்க நினைப்பவருக்கு இது பெரும் இடைஞ்சல். ப்ராசசரில் திரைக்கான வசதி இல்லையென்றால், மென்பொருள் ஏற்றுவதற்கே தனி கிராபிக்ஸ் அட்டை தேவைப்படும்.

பழைய ஸியான் ப்ராசசரும் போர்டும் சேர்த்துப் பாதி விலைக்குக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். வீட்டில் பழகிப் பார்க்க அவை பரவாயில்லை. வாரண்டி இல்லாத போர்டை நம்பிப் பலரின் சம்பளக் கணக்கை ஒப்படைப்பது சிக்கனம் ஆகாது. அது ஒரு நாள் நின்றால், மிச்சம் பிடித்த பணத்தைவிட இழப்பு அதிகமாகும்.

எனவே கடைக்குப் போகுமுன், போர்டு தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள ப்ராசசர், ரேம் பட்டியல்களில் மாடல் எண்களைச் சரிபார்த்து, காகிதத்தில் எழுதி முதலாளியின் கையெழுத்தைப் பெறுவது குமாஸ்தாவுக்குப் பாதுகாப்பு. அதே எண்கள் ரசீதிலும் இருக்கவேண்டும். முதலாளிகளும் ஒன்றை உணரவேண்டும்: போர்டில் பேரம் பேசச் சொல்லி அனுப்பிவிட்டு, பின்னர் குமாஸ்தாவின் சம்பளத்தில் கைவைப்பது நியாயமல்ல.