பாடு

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் இருந்தபடியே கொட்டித் தீர்த்தது. எங்கள் ஆழ்வார்பேட்டையில் தண்ணீர் வடிந்தது, விளக்கு எரிந்தது, மெய்ப்புத் திருத்த உட்கார்ந்துவிட்டோம். வடசென்னையின் எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றுக் கழிமுகம் வரை பரவி, படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. காட்டுக்குப்பத்து மீனவர்களே படகில் இறங்கி அதை வாளியால் அள்ளினார்கள்.

அதே வாரம் துபாயில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு பாக்கு மாநாட்டில், வளரும் நாடுகளுக்குக் காலநிலை நிதி 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று முடிவானபோது, போதாது என்று இந்தியா எழுந்து மறுத்தது. சரியான மறுப்பு. ஓர் அமெரிக்கர் சராசரியாக வெளிவிடும் கரியமில வாயு இந்தியருடையதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. ஏழையின் நெல்வயல் விடும் வாயுவையும் செல்வந்தரின் கார்ப்புகையையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது என்று சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991லேயே வாதிட்டார்கள்.

அந்த நியாயம் நம் ஊருக்குள்ளும் வரவேண்டும். ‘சராசரி இந்தியர்’ ஆழ்வார்பேட்டையிலும் இல்லை, எண்ணூர்ப் பக்கத்துச் செப்பாக்கத்திலும் இல்லை. எல்டாம்ஸ் சாலையில் கோடை இரவெல்லாம் ஏசி ஓட, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் நீரில் கலந்து, குழாயேறி, செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் கழிமுகத்துக்குப் போகிறது. கழிமுகம் தூர்ந்தால் படகு தரைதட்டும், இறால் அற்றுப்போகும், மழைக்காலத்தில் ஆறு ஊருக்குள் திரும்பும்.

வளர்ச்சி வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. 2024 மார்ச்சில் வடசென்னையில் மேலும் 800 மெகாவாட் அனல்நிலையம் தொடங்கப்பட்டது; மின்தேவை கூடுவது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கழிமுகமா?

சற்று வடக்கே பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் அதிகம் படும் இடம் எவருக்கும் நிரந்தரமாகிவிடாதபடி, சீட்டுப் போட்டு, முறைவைத்து வலை கட்டுவார்கள். அதிலும் எல்லாச் சாதியாருக்கும் இடம் கிடைத்ததில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பொதுவானதை மாறிமாறி அனுபவிக்கும் அறிவு அதில் இருக்கிறது. வானவெளியின் நல்ல பாட்டில் இருநூறு ஆண்டாக வலை கட்டி உட்கார்ந்திருக்கும் நாடுகளிடம் நாம் கேட்பது நம் முறையை. எண்ணூர் நம்மிடம் கேட்பதும் அதைத்தான்.

அந்த முறையைக் கொடுக்கத் தொடங்க ஒரு வழி உண்டு. 2016இல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் எல்லா வீட்டுக்கும் இலவசமாக்கப்பட்டது. குப்பத்து ஓட்டு வீட்டுக்கும், நம் தெருவின் மூன்று மாடி பங்களாவுக்கும். பங்களாக்களிடம் அந்த நூறு யூனிட்டுக்குப் பணம் வாங்கி, கழிமுகத்துச் சாம்பலை அள்ளும் வேலைக்குக் கொடுக்கலாம். ஆழ்வார்பேட்டை முதலில் கட்டட்டும்.