சேறு எங்கிருந்து வருகிறது?

கனமழை பெய்து ஓய்ந்தபின் கேமரன் மலையின் பெர்த்தாம் ஆற்றைப் பார்த்தால், கலக்கி ஊற்றிய தே தாரேக்தான் நினைவுக்கு வரும். பார்த்த மாத்திரத்தில் பலர் தீர்ப்பும் கூறிவிடுவர்: “எல்லாம் காய்கறி விவசாயிகளின் வேலை!” அத்தீர்ப்பில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும், சோதித்துப் பாராமல் ஒரு தரப்பினர்மீது பழி சுமத்துவது முறையன்று. அதனால் ஆறும் தெளியாது.

மலைச்சரிவில் மண் ஆற்றை அடையப் பல வழிகள் உள்ளன. காய்கறிப் பாத்திகளின் மேல்மண் மழைநீரோடு அடித்து வரப்படலாம். சாலைக்காகவும் கட்டடங்களுக்காகவும் வெட்டப்பட்ட மேடு சரியலாம். ஆற்றின் கரையே இடிந்து விழலாம். நெகிழிக் கூடாரங்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அவை பாத்திகளை மழையிலிருந்து காக்கின்றன. ஆனால், கூரையில் வழியும் நீர் முழுவதும் ஒரே வடிகாலில் பாய்ந்தால் அவ்வடிகாலின் அடிமண்ணை அரித்துவிடும்.

இவற்றுள் எது முதன்மையான காரணம் என்பதைக் கண்டறிய அறிவியலாளர்கள் மண்ணின் ‘கைரேகையை’ ஆராய்கின்றனர். தோட்டம், காடு, சாலையோரம், ஆற்றங்கரை ஆகிய இடங்களில் எடுத்த மண்ணை ஆற்றுச் சேற்றோடு ஒப்பிடுகின்றனர். நிறம், காந்தத் தன்மை, வேதிப்பொருள்கள் ஆகியவற்றோடு சீசியம்-137 என்னும் கதிரியக்கத் தனிமமும் இதற்கு உதவுகிறது. 1950, 1960-களில் திறந்த வெளியில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் அது வானில் பரவி, மழையோடு இறங்கி, மேல்மண்ணின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டது. ஆழத்து மண்ணில் அது மிகக் குறைவு. ஆகவே, ஆற்றுச் சேற்றில் சீசியம் அதிகமிருந்தால் அது மேல்மண். மிகக் குறைவாக இருந்தால் வெட்டிய மேட்டிலிருந்தோ இடிந்த கரையிலிருந்தோ வந்திருக்கலாம். பேரழிவுக் கருவி விட்டுச் சென்ற தடயம் மண்ணைக் காக்கப் பயன்படுவது வியப்புத்தான்! நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் அது குறைவாகவே படிந்துள்ளதால், அதை மட்டும் நம்பாமல் மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேமரன் மலையில் இவ்வாய்வு இன்றியமையாதது. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டல் தொடர்ந்து சேர்கிறது. வண்டல் சேரச் சேர வெள்ளத்தைத் தாங்க இடம் குறையும். 2013 அக்டோபரில் கனமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட்டதில் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மேலும், தெலோம் ஆற்று நீரும் சுரங்கவழியாகப் பெர்த்தாம் பக்கம் திருப்பப்படுகிறது. எனவே, ரிங்லெட்டில் கிடக்கும் சேறு மலையின் மறுபக்கத்துச் சேறாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் தோட்டத்தை மட்டும் குறை கூறுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

ஆய்வுக்குப் பணமும் காலமும் தேவை, அதுவரை அணை காத்திருக்குமா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். பாத்திகளில் மூடாக்கு இடுவதையும் வண்டல் பொறிக்குட்டை வெட்டுவதையும் யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால், சேற்றை அள்ளுவதற்கே ஆண்டுதோறும் செலவிட்டுக்கொண்டு, அது வரும் இடத்தைத் தேடாமல் இருப்பது ஓட்டைப் படகில் நீரை மட்டும் இறைப்பதற்குச் சமம். சேறு சாலை மேட்டிலிருந்து வருமானால் விவசாயிக்கு விதிக்கும் அபராதத்தால் பயனில்லை. தோட்டத்திலிருந்தே வருமானால் விவசாயியும் அதை மறுக்க இயலாது.

சிறிய ஆற்றுப்படுகை என்பதால் இங்கு ஒவ்வோர் ஓடையையும் நடந்தே சென்று சோதிக்கலாம். ஆனால், வெயில் நாளில் சென்றால் போதாது. ஆண்டின் பெரும்பகுதி மண் ஒரு சில கனமழைகளில்தான் அடித்துச் செல்லப்படுகிறது. மாதிரிகளையும் அந்த மழையிலேயே எடுக்க வேண்டும்.