ஊர்க்கோழி முட்டைக்கு ஊரின் பெயர் போதாதா?

விசுவமடுவுக்கு அண்மையில் ஒரு வீட்டு முற்றம். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் உமி நிரப்பிய ஓலைப்பெட்டிக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழிகள். அவற்றின் முட்டைகளே அவரது வாராந்த வருமானம். நகரத்திலுள்ள கடையொன்று அந்த முட்டைகளை வாங்க மறுத்துவிட்டதாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி வேண்டும், அச்சிட்ட சுட்டுத்துண்டு வேண்டும், பார்கோட் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"கோழி முட்டை போடும் தம்பி. பெட்டிக்கு ஆர் காசு தாறது?" என்று கேட்டார் அந்த அம்மா.

இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் பலர். அவர்களை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது வன்னி மக்கள் எதையும் கையோடு கொண்டுவரவில்லை. மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டவர்களைக் கூரையில்லாத சுவர்களும் காடு பற்றிய காணிகளுமே வரவேற்றன. அதன் பின்னர்தான் 'வாழ்வாதார உதவி' என்ற சொல் நம் மண்ணில் பரவியது. கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன, கூடுகள் வழங்கப்பட்டன, புகைப்படங்களும் எடுக்கப்பட்டன. கணவனை இழந்து குடும்பத்தைத் தனித்துச் சுமந்த எத்தனையோ பெண்கள் அந்தக் கோழிகளை நம்பினார்கள். குஞ்சு கொடுத்தவர்களில் எத்தனை பேர், முட்டை எந்த வழியால் சந்தைக்குப் போகும் என்று சிந்தித்தார்கள்? கூட்டுக்குக் கதவு வைத்துக் கொடுத்தவர்கள், சந்தையின் கதவைத் திறந்து கொடுக்க மறந்துபோனார்கள்.

சரி, அரசாங்கமாவது சிந்தித்ததா? 2023 ஏப்ரலில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை முட்டைக்கு உச்ச சில்லறை விலையை நிறை அடிப்படையில் அறிவித்தது. வெள்ளை முட்டை கிலோ 880 ரூபாய், சிவப்பு முட்டை கிலோ 920 ரூபாய். இந்தக் கணக்கைச் சற்று ஊன்றிப் பாருங்கள். 50 கிராம் நிறையுள்ள பண்ணைச் சிவப்பு முட்டைக்கு 46 ரூபாய். ஊர்க்கோழியின் முட்டை சிறியது, பெரும்பாலும் அந்த நிறையை எட்டுவதில்லை. 40 கிராம் முட்டை என்றால் அதே கணக்கில் 36 ரூபாய் 80 சதம்! சந்தையில் பண்ணை முட்டையை விட எப்போதும் கூடிய விலைக்குப் போகும் ஊர்முட்டை, கொழும்பில் எழுதப்பட்ட தாளில் அதனைவிட மலிந்துபோயிற்று. வெள்ளை, சிவப்பு என்ற இரண்டு நிறங்களை அறிந்த வர்த்தமானிக்கு, முற்றத்தில் மேய்ந்த கோழி என்று ஒன்று இருப்பது தெரியவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில், அரச வர்த்தகக் கூட்டுத்தாபனத்தின் ஊடாக இந்தியாவிலிருந்து இருபது இலட்சம் முட்டைகள் கப்பலில் வந்திறங்கின. அவை வெதுப்பகங்களுக்காகத் தருவிக்கப்பட்டவை. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் சோளச் செய்கை விழுந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டதால் தீவன இறக்குமதியும் தடுமாறியது. பண்ணைகள் தளர்ந்தன. ஆனால் கறையான் புற்றையும் சிந்திய நெல்லையும் கிளறித் தின்ற வன்னிக் கோழிக்கு டொலர் தேவைப்படவில்லை. கடல் கடந்த முட்டைக்கு வழி தேடிய நாடு, ஏ-9 வீதியோரத்து முட்டைக்கு வழி தேடவில்லை என்பதை இங்கு குறிப்பிட்டேயாக வேண்டும்.

உடனே சிலர் கேட்பார்கள்: "அப்படியானால் ஒழுங்குவிதிகளே வேண்டாம் என்கிறீரா?" இல்லை. வேண்டும் என்றே சொல்கின்றேன். உணவு விடயத்தில் ஏழ்மை ஒருபோதும் சாட்டாக முடியாது. 1988 டிசம்பரில் பிரித்தானிய சுகாதாரத் துறைக் கனிஷ்ட அமைச்சராக இருந்த எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சல்மொனெல்லா கிருமியால் பீடிக்கப்பட்டுள்ளது என்று கூறப்போக, முட்டை விற்பனை சரிந்து அவர் பதவியும் பறிபோனது. 1998இல் கோழிகளுக்குத் தடுப்பூசி ஏற்றி, சிங்க முத்திரையுடன் முட்டைகளை விற்கத் தொடங்கிய பின்னரே நம்பிக்கை மீளத் தொடங்கியது. 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாட்டு முட்டைகளில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிநாசினி கண்டுபிடிக்கப்பட்டபோது, ஓட்டில் அச்சிடப்பட்ட இலக்கத்தைக் கொண்டே குற்றமுள்ள பண்ணைகளை இனங்கண்டார்கள். முத்திரை நஞ்சைத் தடுக்கவில்லை. ஆனால் யாருடைய முட்டை என்பதைக் காட்டிக்கொடுத்தது. விதியின் உயிர்நாடி அதுதான்: இது எங்கிருந்து வந்தது, எப்போது இட்டது என்று வாங்குபவர் அறிய வேண்டும்.

லண்டனிலும் பாரிஸிலும் இதை வாசிக்கும் அன்பர்கள், தாம் வாங்கும் முட்டையின் ஓட்டில் சிவப்பு மையால் எழுதிய இலக்கத்தைக் கண்டிருப்பார்கள். அந்த ஐரோப்பியச் சட்டத்துக்குள்ளேயே சிறியவர்களுக்கு ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றது. ஐம்பது கோழிகளுக்கு மேற்படாதவர் உள்ளூர்ச் சந்தையில் விற்பதானால், முட்டைக்கு முத்திரை குத்துவதிலிருந்து அவருக்கு விலக்களிக்க இடமுண்டு. விற்குமிடத்தில் தன் பெயரையும் முகவரியையும் காட்டினால் போதும். இயந்திரமும் பணமும் மலிந்த தேசங்கள் ஐம்பது கோழிக்காரருக்குக் காட்டும் பரிவை, பத்துக் கோழிக்காரரான நம் அம்மாவுக்கு நம்மவர் கடைகள் காட்ட மறுப்பது என்ன நியாயம்?

இனிப் பொதி பற்றிய பேச்சு. பளபளக்கும் பெட்டி சுத்தத்தின் அடையாளம் என்று நம்பவைத்துவிட்டார்கள். முட்டையைக் கழுவி மினுக்கித் தரச் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. முட்டையோட்டின் மேல் இயற்கை ஒரு மெல்லிய படலத்தைப் பூசியிருக்கின்றது. கண்டபடி கழுவினால் அது போய்விடும். குளிர்ந்த நீர் பட்டால் ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே இழுபடவும் கூடும். ஐரோப்பாவில் முதற்தர முட்டையைக் கழுவக்கூடாது என்பதே சட்டம். அமெரிக்காவில் கழுவுகிறார்கள், ஆனால் அதன்பின் குளிரூட்டியிலேயே வைக்கிறார்கள். நாம் கழுவவும் சொல்கின்றோம், வெயிலில் வைத்து விற்கவும் செய்கின்றோம். பண்ணைக்குப் பண்ணை கைமாறும் பழைய மட்டைத்தட்டுகள் கோழி நோயைக் காவிச் செல்லும் என்பதைப் பற்றியோ பேச்சே இல்லை. தடைசெய்ய வேண்டியதை விட்டுவிட்டு, தேவையற்றதைக் கட்டாயமாக்குவதுதான் நமது வழக்கமாயிற்றே!

வன்னியில் பனைக்குப் பஞ்சமில்லை, ஓலை பின்னும் கைகளுக்கும் பஞ்சமில்லை. பத்து முட்டை கொள்ளும் சிறு ஓலைப்பெட்டி, உள்ளே புது உமி, மேலே ஒரு காகிதத்துண்டு. அதில் மூன்று வரிகள்: வளர்த்தவரின் பெயரும் கிராமமும், முட்டையிட்ட திகதி, ஊர்க்கோழி முட்டை என்ற உறுதி. தமிழில், கையால் எழுதினாலும் போதும். இந்தத் துண்டு நுகர்வோரை மட்டுமன்றி அந்த அம்மாவையும் காக்கும். ஏனென்றால், சிறிய வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து ஊர்முட்டை என்று ஏமாற்றும் வித்தைக்குப் பெயரும் முகவரியும் எழுதும் துணிவு இராது.

பிரதேச செயலகங்கள், கால்நடை வைத்தியர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால், ஐம்பது கோழிகளுக்குட்பட்டோருக்கான எளிய விதியொன்றை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். கோழிகளுக்குத் தடுப்பு மருந்து, மூன்று வரித் துண்டு, பழைய தட்டுகளுக்குத் தடை. இவ்வளவே. கூட்டுறவுச் சங்கங்கள் முட்டைகளைச் சேகரித்துக் கொடுத்தால் கடைகளுக்கும் சாட்டு இராது. புலம்பெயர் உறவுகளே, அடுத்த முறை கோழிக்குஞ்சு வாங்கப் பணம் அனுப்பும்போது, 'முட்டையை யார் வாங்குவார்கள்?' என்றும் சேர்த்துக் கேளுங்கள். வாங்குவதற்கு ஆள் இல்லாத முட்டை உதவியல்ல, இன்னொரு சுமை.

பொருளாதாரத் தடைக் காலத்தில், சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் எட்டாப் பொருளாகியிருந்த நாட்களில், வன்னிப் பிள்ளைகளின் தட்டில் விழுந்தது முற்றத்துக் கோழியின் முட்டைதான். அன்று அதற்கு எவரும் பார்கோட் கேட்கவில்லை. இன்று கேட்பவர்கள், முதலில் அந்தப் பெட்டிக்கு ஆர் காசு தாறது என்பதைச் சொல்லட்டும்.