மாமாவை உட்கார வைத்தது என் தப்பு!

"மாமா, நீங்க சும்மா உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்!"

இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் தினமும் பத்து தடவையாவது நான் சொன்ன வார்த்தை இது. அன்பினால்தான் சொன்னேன். அது எத்தனை பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது, சகோதரிகளே!

என் மாமனாருக்குப் பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்பார்களே, அதேதான். மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் குறைந்து போவதால் வருவது. கை நடுங்கும், நடை சுருங்கும் என்று தெரியும். யோசனையும் தடுமாறும் என்று எனக்குத் தெரியாது. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த மனுஷர், ஒரு நாள் கரண்ட் பில் கட்டக் கிளம்பி, கார்டை எடுப்பதா, பணத்தை எடுப்பதா என்று புரியாமல் நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். "எதை முதல்ல செய்யறதுன்னே தெரியலேம்மா" என்று அவர் கண் கலங்கியபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.

டாக்டரிடம் கேட்டேன். "ஞாபகமே போயிட்டதா நினைக்காதீங்க. திட்டம் போடறது, கவனத்தை மாத்தறது, ரெண்டு வேலையைச் சேர்த்துச் செய்யறது, இதெல்லாம் இந்த நோயில மந்தமாகும். மாத்திரை மட்டும் போதாது, உடற்பயிற்சியும் வேணும்" என்றார். நெதர்லாந்தில் நோயாளிகளை வீட்டிலேயே நிற்கும் சைக்கிளில் வாரம் 3 தடவை, 30 முதல் 45 நிமிஷம் வரை, 6 மாசம் மிதிக்க வைத்தார்களாம். கை கால் இயக்கம் மோசமாவது அவர்களுக்குக் குறைந்தது என்று 2019-ல் எழுதினார்கள். அவர்களில் சிலரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, மனதைக் கட்டுப்படுத்திச் செயல்படும் திறனும் கூடியிருந்தது என்று 2022-ல் சொன்னார்கள்.

டாக்டரையும் பிஸியோதெரபிஸ்டையும் கேட்டுக்கொண்டு நாங்கள் செய்தது இதுதான்:

1. காலை மாத்திரை போட்டு, அது நன்றாக வேலை செய்கிற நேரத்தில் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு வேகம். 10 நிமிஷத்தில் ஆரம்பித்து மெள்ள மெள்ள 30 நிமிஷத்துக்கு வந்தோம். வாரத்தில் 5 நாள்.

2. நாற்காலியில் உட்கார்ந்து கால்களை மாற்றி மாற்றித் தூக்கியபடியே, 100-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்வது. ஒரு நாள் கணக்கு, ஒரு நாள் 'க' வரிசைக் காய்கறிகள்.

3. நான் ஒரு தடவை கை தட்டினால் மாமா இரண்டு தடவை தட்ட வேண்டும். நான் இரண்டு தட்டினால் அவர் ஒன்று. முதலில் தப்புத் தப்பாகத் தட்டி, மாமி சிரித்து, மாமாவும் சிரித்து விட்டார்!

4. கூடத்தில் சாக்பீஸ் கோடுகள். கால் ஒட்டிக்கொண்டு நகராதபோது கோட்டைப் பார்த்துத் தாண்டினால் அடி எழும்புகிறது.

ஒரு எச்சரிக்கை. முதல் வாரம் ஆசையில், நடக்கும்போதே கணக்குக் கேட்டேன். மாமாவின் கால் அப்படியே நின்று, கிரில் கேட்டைப் பிடித்துத்தான் தப்பித்தார்! உட்கார்ந்து நன்றாகப் பழகிய பிறகே அதை நடையோடு சேர்க்க வேண்டும், ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து சட்டென்று எழ விடாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தரையில் வழுக்கும் மிதியடிகளை எடுத்து விடுங்கள்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நடுக்கம் இருக்கிறது, கரண்ட் பில்லை இப்போதும் நான்தான் கட்டுகிறேன். ஆனால் போன மாசம் மளிகை லிஸ்ட்டை மாமாவே எழுதினார். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து! கடைக்கு என்னோடு நடந்து வந்தவர் பாதி வழியில் நின்று, "பெருங்காயம் விட்டுட்டேம்மா" என்றார். நான்கூட கவனிக்கவில்லை!

உங்கள் வீட்டுப் பெரியவரையும் அன்பினால் முடக்கிப் போடாதீர்கள். 'உட்காருங்க' என்பதற்குப் பதில், 'வாங்க, போகலாம்' என்று கையைக் கொடுங்கள்.