பித்தப்பையை எடுத்தாச்சு... பயாப்சி ரிப்போர்ட்டை வாங்கினீங்களா?

பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்ததும், எடுத்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு உறவினர்களிடம் காட்டுவது வழக்கம். எல்லோரும் கல்லைத்தான் பார்ப்பார்கள். ஆனால், அதைவிட முக்கியம் அந்தக் கல் இருந்த பை!

என்ன பிரச்னை?

கல்லுக்காக எடுக்கப்படும் பைகளில் பெரும்பாலானவற்றில் வெறும் அழற்சிதான் இருக்கும். ஆனால், சுமார் 100 பேரில் ஒருவருக்கு, பல இடங்களில் அதைவிடக் குறைவானவர்களுக்கு, யாரும் சந்தேகிக்காத புற்றுநோய் இருப்பது பரிசோதனைக் கூடத்தில்தான் தெரிய வருகிறது.

ஸ்கேனில் தெரியாதா?

சில நேரங்களில் தெரியாது. கற்களும், அழற்சியால் தடித்த சுவரும் ஆரம்பக்கட்டப் புற்றை மறைத்துவிடும். பையை அறுத்துப் பார்க்கும்போதுகூட சில நேரம் கண்ணுக்குத் தட்டுப்படாது. மைக்ராஸ்கோப் வேண்டும்.

கண்டுபிடித்தால் என்ன ஆகும்?

எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி.

* செல்கள் உருமாறியிருக்கு, ஆனால் இன்னும் ஊடுருவலை என்றால், அது புற்றுக்கு முந்தைய நிலை. வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தால், பையை எடுத்ததே பெரும்பாலும் போதும்.
* உட்படலத்தோடு நின்ற புற்றுக்கும் பொதுவாக இதே நிலைதான்.
* தசை அடுக்கைத் தொட்டுவிட்டால், பையை ஒட்டிய கல்லீரல் பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம்.

அதாவது, ரிப்போர்ட்டை யாரும் படிக்காமல் விட்டால், குணப்படுத்தக்கூடிய காலம் கைநழுவிப் போகும்.

நம்ம ஊரில் இது அதிகமா?

இந்தியாவில் உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், அசாம் பகுதிகளில்தான் பித்தப்பைப் புற்று அதிகம். தென் மாநிலங்களில் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை.

எல்லாப் பையையும் அனுப்பணுமா?

இதில் விவாதம் உண்டு. சந்தேகமானதை மட்டும் அனுப்பினால் செலவு மிச்சம் என்பது ஒரு தரப்பு. கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சந்தேகிப்பது என்பது எதிர்த்தரப்பின் கேள்வி.

நீங்கள் செய்ய வேண்டியது

* ஆபரேஷனுக்கு முன்பே, 'பை பயாப்சிக்குப் போகுமா?' என்று கேளுங்கள்.
* பாட்டிலை உங்களிடமே கொடுத்து லேபுக்கு அனுப்பினால், தாமதிக்காதீர்கள்.
* ரிப்போர்ட்டை வாங்கி, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். தையல் பிரித்ததோடு வேலை முடிந்துவிடாது.

பயப்பட வேண்டாம். பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் நல்ல செய்தியோடுதான் வரும். ஆனால், அதைப் படித்தால்தானே தெரியும்?